இரண்டு மணிப் பூட்டு

இரவோடு இரவாக என் கணினிக்குப்
புத்தி வந்துவிட்டது.
மூன்று வருடமாகப் பேசிய மறுமுனையோடு
இனிப் பேச மாட்டேன் என்கிறது.
அங்கீகாரப் பிழை என்று
ஒரு சாம்பல் கட்டம், ஒரு சரி பொத்தான்.
சரி என்றால் மூடிக்கொள்கிறது.
சரியைத் தவிர வேறு பதில் சொல்லவும் இடமில்லை.

கோளாறு அங்கே இல்லை.
பிதியாவுக்கு அப்பால், மணல்மேட்டின் காலடியில்,
நீரேற்று நிலையத்துப் பெட்டி
நேற்று இருந்தபடியே இருக்கிறது.
அதுதான் குற்றம்.
வியாழன் இரவு இங்கே இறங்கிய பாதுகாப்புத் திருத்தம்
அங்கே இறங்கவில்லை.
திருந்தியது திருந்தாததை நம்பாது.

இத்தனை நாள் நான் உள்ளே போன வழியில்
திருடனும் போகலாமாம்.
அந்த ஓட்டையைத்தான் அடைத்திருக்கிறார்கள்.
அடைத்தவனைக் குறைசொல்ல முடியாது.
ஆனாலும், வாசல் என்று நினைத்து
ஓட்டை வழியாகவா போய்வந்தேன் என்று
கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

திருத்தத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போ,
அப்புறம் மாட்டிக்கொள், என்றார் ஜெபஸ்டின்.
தலைமை அலுவலகம் ஒரே வரியில் மறுத்தது.
ஆக, வெள்ளிக்கிழமை காலை,
ரூவியில் ஒரு கடையும் திறக்குமுன்,
சட்டைப்பையில் பென்டிரைவோடு கிளம்பினேன்.
கண்ணிமைக்குமுன் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தவன்
நூற்றிருபதில் போனேன்.
அதைத் தாண்டினால்
பழைய கொரொல்லா டிங் டிங் என்று அழும்.
இப்ராவில் பெட்ரோல்,
சிப்ஸ் நொறுக்கிப் போட்ட சீஸ் பரோட்டா.
ஒட்டகங்கள்
யாரிடமும் அனுமதி கேட்காமல் சாலையைக் கடந்தன.

தண்ணீர் நின்றிருக்குமோ என்று பயந்துகொண்டே போனேன்.
நிற்கவில்லை.
மோட்டார்கள் தம்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன.
ஊர் குளித்திருந்தது. ஆடுகள் குடித்திருந்தன.
நான் பார்க்காத ஓர் இரவு
எதையும் நிறுத்திவிடவில்லை.

அழுத்தம் நாலு புள்ளி இரண்டு என்று
தினமும் வாசித்த எண்ணுக்கு
இவ்வளவு இரைச்சல் உண்டென்று தெரியாது,
கிரீஸ் நாற்றம் உண்டென்று தெரியாது.

காவலுக்கு இருந்தவர் தொஃபாசல், நோவாகாலிக்காரர்.
என் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
அது மஸ்கட் கேட்டுக்கு மட்டும் செல்லும்.
நான் தினமும் இங்கே வருகிறவன், என்றேன்.
பார்த்ததே இல்லையே, என்றார், நியாயமாக.
ராத்திரி இரண்டு மணிக்கு, என்றேன்.

அட்டையைக் கையில் வைத்தபடி
சும்மா நின்றார்.
பிறகு, வளைகுடாவில் எல்லோருக்கும் பொதுவான
அந்த உடைந்த இந்தியில் சொன்னார்:
ஆபரேட்டர் திறந்துவைத்துப் போகிற திரை
இரண்டு மணிக்குத் தானாகப் பூட்டிக்கொள்ளும்.
ஆள் வந்தாச்சு என்று
எழுந்து கெட்டில் போடுவேன்.
நேற்று பூட்டவில்லை.
மூன்று மணிவரை உட்கார்ந்திருந்தேன்.
உடம்புக்கு ஏதுமா?

பெட்டி உள்ளே இருந்தது,
பேரீச்சம்பழ அட்டைப்பெட்டி ஒன்றின் மேல்,
விசிறி முழுக்க மணலோடு.
பென்டிரைவைச் செருகினேன்.
நாற்பது சதவீதத்தில் ரொம்ப நேரம் நின்றது.
கணினியை அணைக்க வேண்டாம் என்றது திரை.
அணைக்காமல் இருவரும் உட்கார்ந்திருந்தோம்,
டின் பால் ஊற்றிய டீயோடு.
அவர் மகனுக்கு இந்த வருடம் பத்தாவது.
எனக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்பதை
அவரால் நம்ப முடியவில்லை.

மறுநாள், ரூவி, இரவு இரண்டு.
சாம்பல் கட்டம் வரவில்லை.
உள்ளே போனேன். அழுத்தம் நாலு புள்ளி இரண்டு.
வேலை இரண்டே நிமிடம்.
முடித்த பிறகும் வெளியேறாமல் இருந்தேன்.
கெட்டில் கொதிக்க
எப்படியும் நாலு நிமிடம் ஆகும்.